சைஃபர், ஃப்ரீஸ்டைல், தியானம்: பழகுவது எப்படி?

அரைமாத்திரை (கேள்வி)

ஃப்ரீஸ்டைலை, அதாவது எழுதிவைக்காமல் பீட்டுக்கு அந்த நொடியிலேயே ராப் பாடுவதை, போட்டிக்கும் ரீல்ஸுக்கும் இல்லாமல், தினமும் பத்து நிமிடம் மனசைத் திறந்து பார்க்கிற பயிற்சியாக வைத்துக்கொள்ள முடியுமா? "ஹிப் ஹாப்பே ஒரு ஆன்மிகப் பாதை" என்கிறார்களே, அதில் நிஜம் எவ்வளவு, போஸ்டர் வசனம் எவ்வளவு?

தெரிய வேண்டியவை: தனியாகப் பழக என்ன வேகத்தில் பீட் எடுப்பது? நாலு வரியில் வார்த்தை தீர்ந்துபோனால் என்ன செய்வது? தமிழில் பாடினால் எல்லா வரியும் "றேன், றேன்" என்றே முடிவது ஏன்? ஐந்தாறு பேர் சேர்ந்தால் சைஃபரை, அதாவது வட்டமாக நின்று மாறிமாறிப் பாடும் ராப் வட்டத்தை, நடத்துவது எப்படி?

நாலாம்தட்டு

பழகுகிற முறையை மட்டும் சொல்கிறேன். ஆன்மிகத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

பீட் 85 முதல் 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை தட்டு. "பூம் பாப்" (நிதானமான பழைய பாணி ராப் பீட்) என்று தேடினால் கொட்டிக் கிடக்கும். குரல் இல்லாத, நடுவில் மாறாத, திரும்பத் திரும்ப ஓடும் வெறும் லூப்பாகப் பாருங்கள். 90இல் ஒரு பார், அதாவது நாலு தட்டு, ஏறக்குறைய 2.7 விநாடி; 16 பார் 43 விநாடி. 140இல் ஓடும் ட்ராப் பீட்டில் ஆரம்பிக்காதீர்கள். ஹை-ஹாட் (சின்ன ஜால்ரா மாதிரியான டிரம் ஒலி) பொடிப்பொடியாகத் தெறிக்கும், நாக்கு அதைத் துரத்தும், வார்த்தை பின்தங்கிவிடும்.

முதல் இரண்டு நிமிடம் வாயே திறக்க வேண்டாம். ஸ்னேர் டிரம்மின் 'சட்' என்ற அடி விழுகிற இரண்டாம், நாலாம் தட்டுக்குத் தலையை மட்டும் அசையுங்கள். மூச்சு இரண்டு பாருக்கு உள்ளே, இரண்டு பாருக்கு வெளியே. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சுக்குச் சற்றுக் குறைவு. பிராணாயாமம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய வேகம்தான். அடுத்த இரண்டு நிமிடம் அர்த்தமில்லாத ஒலி, தகதிமி மாதிரி எதுவும் ஆகலாம். அதற்கடுத்து அறையில் இருக்கிற பொருளை இடமிருந்து வலமாக, பாருக்கு ஒன்று என்று பெயர் சொல்லிப் போங்கள். மிச்ச நாலு நிமிடம்தான் ஃப்ரீஸ்டைல்.

வார்த்தை தீருவதற்குக் காரணம் சொல்வளம் குறைவு என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது இல்லை. ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடுமுன் "இது நல்லாயிருக்கா" என்று உள்ளே ஒரு வாட்ச்மேன் சோதிக்கிறான், அதற்குள் பீட் தாண்டிவிடுகிறது. அதனால் ஒரே விதி: நிறுத்தாதே, திருத்தாதே. சொல் வரவில்லையா, கடைசிச் சொல்லையே திரும்பச் சொல்லுங்கள். அதுவும் வரவில்லையா, ஒரு பார் சும்மா விடுங்கள், பீட் தாங்கிக்கொள்ளும். "நான்தான் கிங்கு, மைக்கு என் கையில" வகையறா தானாக வந்து விழும். அது மனப்பாடக் கிடங்கில் இருந்து வருவது. தடுக்க வேண்டாம், தீரட்டும். கிடங்கு காலியான பிறகுதான் சொந்தச் சரக்கு வெளிவரும்.

மூச்சு: இரண்டு பாருக்கு ஒருமுறை, கடைசித் தட்டைக் காலியாக விடுங்கள். விடாவிட்டால் ஆறாம் பார் வாக்கில் தோள் ஏறும், குரல் உச்சத்துக்குப் போகும், பீட்டை முந்துவீர்கள்.

அரைமாத்திரை

பதிவு செய்து கேட்டால் என் குரல் பீட்டுக்குப் பின்னால் இழுக்கிற மாதிரி இருக்கிறதே?

நாலாம்தட்டு

ப்ளூடூத் இயர்ஃபோனா? அதில் பீட் உங்கள் காதுக்கு வரவே தாமதமாகும். நீங்கள் சரியாகப் பாடியிருந்தாலும் பதிவில் பின்தங்கித்தான் விழும். வயர் உள்ளதைப் போடுங்கள். இன்னொன்று, பாடிய அன்றே கேட்காதீர்கள். மறுநாள் கேட்டால்தான் சுயமாக வந்த வரி எது, ஒப்பித்த வரி எது என்று பிரியும்.

குறில்நெடில்

"றேன்" சிக்கலுக்கு வருகிறேன். தமிழில் வினைமுற்று வாக்கியக் கடைசியில் உட்காரும். தன்மை ஒருமையில் பேசினால் எல்லா வினையும் ஒரே விகுதியில் முடியும். உழைக்காமலே கிடைக்கிற இயைபு (வரிக் கடைசி ஒலி ஒத்துப்போவது), அதனால்தான் இரண்டு வரியில் சலிக்கிறது.

நிக்கிறேன் வாசல்ல, டீயைக் குடிக்கிறேன்
நடக்கிறேன் தெருவுல, வீட்டை நினைக்கிறேன்

இதையே வினையை முன்னால் தள்ளிப் பெயரில் முடித்தால்:

நிக்கிறேன் வாசல்ல, கையில டீச்சூடு
நடக்கிறேன் தெருவுல, கண்ணுல என் வீடு

பேச்சுத் தமிழ் இந்த வரிசை மாற்றத்தைச் சுலபமாக ஏற்கும். "போயிட்டான் அவன்" என்று சொல்லாதவர் யார்?

இரண்டாவது வழி எதுகை. வரிக் கடைசியை மறந்துவிட்டு, வரித் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தை ஒன்றாக்குங்கள்: கட்டில், பட்டினி, தொட்டில். முதல் எழுத்து குறிலானால் எல்லாவற்றிலும் குறில், நெடிலானால் நெடில். ராப்பில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஒன்றாம் தட்டில் எதுகை விழுந்தால் 'தும்' என்று விழும் கிக் டிரம்மோடு சேர்ந்து அடிக்கும், வரி எங்கே முடிந்தாலும் காது மன்னித்துவிடும்.

பாருக்கு 10 முதல் 12 எழுத்து போதும், மெய்யை எண்ணாமல். ஒரு பாரில் இருக்கிற பதினாறு கால்தட்டு இடத்தையும் நிரப்பினால் நெடிலை நீட்ட இடமிருக்காது. நெடிலைக் குறுக்கினால் "பாடம்" "படம்" ஆகிவிடும்.

சுழியம்

ஆன்மிகக் கேள்விக்கு.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில் நடந்ததைத்தான் ஹிப் ஹாப்பின் பிறப்பாகச் சொல்வார்கள். அது டான்ஸ் பார்ட்டி, சத்சங்கம் இல்லை. டிஜே (இசைத்தட்டு இயக்குபவர்), எம்சி (ராப் பாடுபவர்), பிரேக்கிங் (நடனம்), கிராஃபிட்டி (சுவர் ஓவியம்) என்ற நாலு அங்கங்களோடு ஐந்தாவதாக "அறிவு" என்பதைச் சேர்த்து முன்வைத்தது யுனிவர்சல் ஸூலு நேஷன் என்ற ஹிப் ஹாப் அமைப்பு. 1996இல் ராப்பர் கேஆர்எஸ்-ஒன் "டெம்பிள் ஆஃப் ஹிப் ஹாப்" என்று கோயில் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆக, போஸ்டர் வசனம் என்று மொத்தமாகத் தள்ளவும் முடியாது.

ஆழமான வேர் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் இருக்கிறது. 1964 வாக்கில் நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பிலிருந்து பிரிந்த கிளாரன்ஸ் 13எக்ஸ் தெருப் பையன்களுக்குக் கற்பிக்க ஆரம்பித்தார். அதிலிருந்து வந்தவர்கள் ஃபைவ் பெர்சென்டர்ஸ். நூற்றில் 85 பேர் உண்மை அறியாதவர்கள், 10 பேர் அறிந்தும் மறைப்பவர்கள், 5 பேர் அறிந்து சொல்பவர்கள் என்பது அவர்கள் கணக்கு. அவர்களுடைய "சுப்ரீம் மேத்தமேட்டிக்ஸ்" பாடத்தில் 1 அறிவு, 2 ஞானம், 3 புரிதல் என்று போய், 0 என்பது சைஃபர், முழு வட்டம். அவர்கள் வட்டமாக நின்று பாடம் ஒப்பித்த வழக்கத்தின் பெயர்தான் ராப் வட்டத்துக்கும் வந்தது. ராப்பர் ராக்கிம் அந்த மரபில் வந்தவர். வேடிக்கை என்னவென்றால், நம் பெரியவர்கள் பூஜ்யத்தைச் சொல்கிற "சைபர்" இருக்கிறதே, அதுவும் இதுவும் "ஸிஃப்ர்" என்ற ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள்.

கறுப்பின மனிதனே கடவுள் என்பது அவர்கள் போதனை. கேட்டதும் "அட, நம்ம அஹம் பிரம்மாஸ்மி" என்று தாவாதீர்கள். மனிதனாகவே மதிக்கப்படாத இளைஞர்களிடம் அந்த ஊரில், அந்த ஆண்டுகளில் சொல்லப்பட்டது அது. அந்த வலியைக் கழற்றிவிட்டுத் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

"மனம் திறக்கிறது" என்பதற்கு ஆய்வு ஒன்று உண்டு. 2012இல் அமெரிக்காவில் 12 ராப்பர்களை மூளை இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, மனப்பாட வரியையும் ஃப்ரீஸ்டைலையும் ஒப்பிட்டார்கள். ஃப்ரீஸ்டைலின்போது முன்மூளையின் நடுப்பகுதி கூடுதலாக இயங்கியது, மேற்பக்கவாட்டுப் பகுதி தணிந்தது. பின்னது தன்னைக் கண்காணித்துத் திருத்துகிற வேலையோடு தொடர்புடையது. நாலாம்தட்டு சொன்ன வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 12 பேரை வைத்துச் செய்ததை "ஞானத்துக்கு நிரூபணம்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வட்டத்துக்கு_வெளியே

கூட்டு சைஃபர் பற்றி. ஐந்து முதல் எட்டுப் பேர், கை நீட்டினால் பக்கத்து ஆள் தோள் தொடும் தூரம். அதைவிட விலகினால் பின்வரிசை உருவாகும், பின்வரிசை வந்தால் அது மேடைக் கச்சேரி. ஆளுக்கு எட்டு பார். முன்னவர் விட்ட கடைசிச் சொல்லை எடுத்து அடுத்தவர் தொடங்கட்டும். இந்த ஒரு விதி போதும், எல்லோரும் தன் வரியை மனசுக்குள் தயாரிப்பதை விட்டுவிட்டு மற்றவரைக் கேட்பார்கள். எனக்குத் தியானம் என்று படுவது இந்தக் கேட்பதுதான், பாடுவதில்லை.

கேமரா வேண்டாம். கெட்ட வார்த்தை கூடாது என்ற விதியையும் வைத்துப் பார்க்கலாம். 1989இல் லாஸ் ஏஞ்சலஸின் குட் லைஃப் கஃபேயில் தொடங்கிய, யாரும் ஏறிப் பாடலாம் என்கிற ஓப்பன் மைக்கில் அந்தத் தடை இருந்தது. வழக்கமான நிரப்புச் சொல் போய்விட்டதால் அங்கே பாடியவர்கள் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று. சரியில்லை என்றால் மைக்கைக் கொடு என்று கூட்டமே கோரஸ் பாடும். அதைப் பழகுகிற வட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள், புதியவர் மறுவாரம் வரமாட்டார்.

யாராவது பாதியில் உடைந்து அழுதால் பீட்டை நிறுத்த வேண்டாம், சத்தத்தை மட்டும் குறையுங்கள். அறிவுரை, விளக்கம் எதுவும் வேண்டாம். சமூகப் பணி ஆய்வாளர் எட்கர் டைசன் 2002இல் எழுதிய "ஹிப் ஹாப் தெரபி" என்ற சிகிச்சை முறை, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் நடத்துவது. நண்பர் வட்டம் அதற்கு மாற்றாகாது. மறுநாளும் தணியாவிட்டால் ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள்.

அரைமாத்திரை

நாலு பேர்தான் தேறுவோம். பீட்பாக்ஸ் (வாயாலேயே டிரம் ஒலி எழுப்புவது) யாருக்கும் வராது.

வட்டத்துக்கு_வெளியே

நாலு போதும். ஒருவர் 1, 3இல் காலால் தரையைத் தட்டட்டும், இன்னொருவர் 2, 4இல் கைதட்டட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். ஃபோன் லூப்பைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பாடுகிறவர் தடுமாறினால் ஃபோன் கவனிக்காது, கைதட்டுகிறவர் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துவார்.