டாக்டர் ரூத் ஸ்னைப்பரா இல்லையா?

கரிசல்காற்று: "எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய ஸ்னைப்பர் பாட்டி" என்று தலைப்பு வைத்து, அமெரிக்க வானொலியில் பாலியல் ஆலோசனை சொல்லிப் புகழ்பெற்ற டாக்டர் ரூத் வெஸ்ட்ஹைமரைப் பற்றி நேற்று ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். அந்த அம்மா ஒருவரையும் கொன்றதில்லை, அதை அவரே பேட்டிகளில் சொல்லிவிட்டார். 1928இல் ஜெர்மனியில் பிறந்து 2024இல் நியூயார்க்கில் 96 வயதில் மறைந்தவர். இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் உங்கள் கண்ணுக்குத் துப்பாக்கி மட்டும்தான் தெரிந்ததா?

மாடசாமி67: அந்த மகானுபாவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். இஸ்ரேல் உருவாகுமுன் பாலஸ்தீனத்தில் யூதர்கள் வைத்திருந்த ஹகானா படையில் அவருக்கு ஸ்னைப்பர் பயிற்சி, அதாவது மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் பயிற்சி, கொடுத்தார்களா இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு ஸ்டென் துப்பாக்கியைப் பூட்டுவேன் என்று சொன்னவர் அவர். அப்புறம் என்ன?

கரிசல்காற்று: பயிற்சி எடுத்தவரெல்லாம் ஸ்னைப்பரா? கல்லூரியில் நானும்தான் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தேன், என்னைக் கர்னல் என்று கூப்பிடுவீரா? "சுட்டு வீழ்த்திய" என்பதற்கு ஆதாரம் எங்கே? உண்மையில் அடிபட்டது அவர்தான் ஐயா. 1948 ஜூன் 4, அவருடைய 20ஆவது பிறந்தநாள், ஜெருசலேமில் குண்டு விழுந்து வெடித்து இரண்டு காலிலும் படுகாயம்.

தேன்மொழி: நீங்கள் இருவரும் சுட்டுக்கொண்டே இருங்கள். ரூத்தின் யூத அப்பாவை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனபோது, லாரியில் ஏறுவதற்கு முன் மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனாராம். 1939 ஜனவரியில் பத்து வயதுப் பெண்ணைத் தனியாக சுவிட்சர்லாந்துக்கு ரயிலேற்றினார்கள். வழியில் அழுத சின்னக் குழந்தையிடம் தன் பொம்மையைக் கொடுத்துவிட்டாள். வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் 1941இல் நின்றுபோயின. அங்கே அகதிப் பெண்களுக்கு மேல்படிப்பு கிடையாது, வீட்டுவேலைப் பயிற்சிதான். ஒரு பையனின் பாடப்புத்தகத்தை ராத்திரியில் வாங்கிப் படித்தாள். இதையெல்லாம் யாராவது பேசுவீர்களா?

மாடசாமி67: படித்தார், சரி. சுடவும் படித்தார். அதைத்தானே நானும் சொல்கிறேன்.

கரிசல்காற்று: ஐன்ஸ்டீன் கணக்கில் பெயிலானார் என்று போன வருடம் எழுதியதும் இதே ஆள்தான் என்பதை இங்கே பலர் மறந்திருப்பார்கள், நான் மறக்கவில்லை. பதினைந்து வயதுக்குள் நுண்கணிதத்தைக் கரைத்துக் குடித்தவரைப் பெயிலாக்கியவருக்கு, இந்த அம்மாவைக் கொலைகாரி ஆக்குவதா கஷ்டம்?

மாடசாமி67: அதை இன்னும் எத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிவீர்? கொலைகாரி என்று நான் எங்கே எழுதினேன்?

செந்தமிழ்வேள்: எத்தனை முறை "ஸ்னைப்பர்"! "குறிசூட்டர்" என்று எழுதினால் கை வலிக்குமா?

கரிசல்காற்று: குறிசூட்டர் என்றால் ஸ்கூட்டரா என்று கேட்பார்கள். அதோடு அந்த அம்மா வானொலியில் பேசிய விஷயத்துக்கு "குறி" என்று ஆரம்பித்தால் அர்த்தமே வேறு பக்கம் போய்விடும்.

செந்தமிழ்வேள்: தாய்மொழி உமக்குக் கேலியாகிவிட்டது. வாழ்க.

தேன்மொழி: 1956இல் அமெரிக்கா வந்து, மணிக்கு ஒரு டாலருக்கு வீட்டுவேலை பார்த்துக்கொண்டே படித்து, 1970இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1980இல் வானொலியில் அவருக்குக் கிடைத்தது ஞாயிறு நள்ளிரவு தாண்டி வெறும் 15 நிமிடம், அப்போது வயது 52. நாலே முக்கால் அடிகூட இல்லாத உருவம், ஜெர்மன் நெடி போகாத ஆங்கிலம், ஆனால் பாலியல் கேள்விகளுக்கு வெட்கப்படாமல் பதில் சொன்னார், நாடே கேட்டது. புகழ் வந்த பிறகும் ஜெர்மன் யூத அகதிகள் நிறைந்திருந்த நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதி வீட்டைவிட்டு நகரவில்லை.

கரிசல்காற்று: தேன்மொழி சொல்வதெல்லாம் சரி, ஆனால் சுற்றி வளைத்தாலும் கேள்வி அங்கேயேதான் நிற்கிறது. பயிற்சி வேறு, சுடுவது வேறு, சுட்டு வீழ்த்துவது வேறு. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி வைத்திருக்கிறார் மாடசாமி. தலைப்பை மாற்றும்வரை தினமும் வந்து கேட்பேன்.

மாடசாமி67: தினமும் வாரும், தலைப்பு மாறாது. பயிற்சி எடுத்தாரா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லும்.

கரிசல்காற்று: யாரைச் சுட்டார்? முதலில் அதை நீர் சொல்லும்.