வயது 14, டர்பன்: ஜொஹானஸ்பர்க்கில் ஒரு பழைய கோ-கார்ட் (சின்ன ரேஸ் வண்டி) பார்த்திருக்கிறோம், வாங்கலாமா?

சாட்ஸ்வர்த் பையன்
வணக்கம். இதுவரை வாடகை கார்ட் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். எடை 51 கிலோ. ரேஸிங்கையே தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை. அப்பா ஒரு பழைய ரோட்டாக்ஸ் ஜூனியர் மேக்ஸ் (சிறுவர் பிரிவு எஞ்சின் பொருத்திய கார்ட்) பார்த்து வைத்திருக்கிறார், விற்பவர் ஜொஹானஸ்பர்க்கில் இருக்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? ஃபார்முலா 1 வரை போக எது வழி?

கரிவிரல்
தம்பி, விலை பேசுமுன் வண்டியைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார். கெர்ப், அதாவது ட்ராக் ஓர மேடு, ஏறி ஏறிக் குழாய் தேய்ந்திருக்கும். கொஞ்சம் தேய்மானம் எல்லா வண்டியிலும் உண்டு. தட்டையாகவே போயிருந்தால் அந்த சேஸிஸ் வேண்டாம். வெல்டிங் ஓரங்களை, முக்கியமாக சீட்டைத் தாங்கும் கம்பிகளின் அடியை, விரலால் தடவு. பெயின்ட் வெடித்த இடத்தில்தான் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும். பின் ஆக்ஸிலைக் கையால் சுழற்று. முனை ஆடினால் வளைந்துவிட்டது.

எஞ்சினைப் பிரிக்கவில்லை என்று காட்டும் சீலின் எண் அதன் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். சீல் இல்லாத எஞ்சினைப் பயிற்சிக்கு ஓட்டலாம், பந்தயப் பரிசோதனையில் தேறாது. பிஸ்டன் மாற்றி எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேள். பதில் வரவில்லையென்றால் ரீபில்ட் செலவை விலையில் கழித்துக்கொள்.

மேட்டு நிலத்து வண்டி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜொஹானஸ்பர்க் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, அதனால் கார்புரேட்டரில் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் போகும் துளை) போட்டிருப்பார்கள். அதை மாற்றாமல் வான் ரீனன் கணவாய் இறங்கி வந்து கடலோரத்தில் ஓட்டினால் காற்று கூடும், பெட்ரோல் போதாது, நீண்ட நேர்ப்பாதையில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பெரிய ஜெட்டில் தொடங்கு. ஒரு சுற்று முழு வேகத்தில் ஓட்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக இறங்கு. பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் உடனே நிறுத்து. பெட்ரோலில் கலக்கும் ஆயில் 2 சதவீதம், அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. கண் அளவில் ஊற்றாதே. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் 50-60 டிகிரியில் இருக்கட்டும். குளிர்காலக் காலையில் சூடேறாது, ரேடியேட்டரில் பாதிக்கு டேப் ஒட்டு.

பிட் வாசல்
மேலே சொன்னது அத்தனையும் எஞ்சின். ஆனால் புதுப் பையன்களைப் பல வாரம் வீட்டில் உட்காரவைப்பது விலா எலும்பு. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. சீட் அரை அளவு பெரிதாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் விலா அதன் விளிம்பில் இடிக்கும். விற்பவருடைய சீட்டையே வைத்துக்கொள்ள வேண்டாம் தம்பி, உங்கள் இடுப்புக்கு அளவெடுத்துப் போடுங்கள். ரிப் ப்ரொடெக்டரில் (விலாக் கவசம்) சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8870-2018 முத்திரை இருக்கிறதா பாருங்கள். அண்ணன்மார் யாராவது கார் ரேஸ் சூட் கொடுத்தால் வாங்காதீர்கள். அது நெருப்புக்கானது. கார்ட் சூட் தார்ச்சாலையில் உரசுவதைத் தாங்க நெய்தது.

என்3 தெற்கு
ஃபார்முலா 1 கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அதில் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்குப் பொதுவாக 18 வயது ஆக வேண்டும், மூன்று ஆண்டுகளில் 40 புள்ளி சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் பெரும்பங்கு வெளிநாட்டு ஒற்றை இருக்கைப் பந்தயங்களில்தான் கிடைக்கும், அங்கே செலவு யூரோவில். நம் ஊர் ஈஸ்ட் லண்டன் நகரிலிருந்து போன ஜோடி ஷெக்டர் 1979இல் உலக சாம்பியன் ஆனார், அது வேறு காலம். இன்று இங்கிருந்து சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநர் ஆக விரும்பினால் வான் டெர் லிண்டே சகோதரர்கள் போன பாதையைப் பார். கெல்வினும் ஷெல்டனும் கார்ட்டில் தொடங்கி, உள்ளூர் போலோ கோப்பை (ஃபோக்ஸ்வாகன் போலோ கார் பந்தயம்) வழியாக ஜெர்மனி போனார்கள். ஷெல்டன் 2022இல் ஜெர்மன் கார் பந்தயத் தொடரான டிடிஎம்மின் சாம்பியன்.

சாட்ஸ்வர்த் பையன்
நன்றி அண்ணா. அப்படியென்றால் முதல் வருடமே தேசியப் போட்டிக்குப் போகலாமா?

கரிவிரல்
வேண்டாம். மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்பிரிக்காவின் கிளப் உரிமம் எடு, பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்து இடூபே ட்ராக்கிலேயே ஒரு வருடம் ஓட்டு. காசு கரைவது வண்டியில் இல்லை. டயர், நுழைவுக் கட்டணம், பக்கியில் (பிக்-அப் வண்டி) போகவர டீசல், இந்த மூன்றில்தான். பயிற்சிக்கு அடுத்தவர் கழற்றிப் போட்ட டயரே போதும். புது டயரில் யாரும் வேகம்தான், தேய்ந்த டயரில்தான் பின்பக்கம் எப்போது வழுக்கும் என்று கை கற்றுக்கொள்ளும். ஓட்டும்போது ஒரே ஒரு மாற்றம்: டயர் காற்றோ, முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலமோ, ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி ஐந்து சுற்று ஓட்டி நேரத்தை நோட்டில் எழுது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் வேகம் வந்தது என்றே தெரியாது.

பிட் வாசல்
51 கிலோவுக்கு ஈயக்கட்டி கட்ட வேண்டிவரும். குறைந்தபட்ச எடையை வண்டியோடு சேர்த்துத்தான் அளப்பார்கள், அதுவும் ரேஸ் முடிந்த பிறகு. வியர்வையும் எரிந்த பெட்ரோலும் போகும் என்று கணக்கிட்டு ஒரு கிலோ கூடுதலாகவே போடுங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் இரண்டு போல்ட், லாக் நட், சீட்டுக்கு வெளியே அகலமான வாஷர். வாஷர் இல்லாவிட்டால் ஃபைபர் சீட் கிழிந்து, கட்டி ட்ராக்கிலேயே விழுந்துவிடும்.