கேசட் கடை மூடினபோது உங்களுக்கு நடந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

பார்வதிபுரத்தான்

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறப் போகிற எல்லாருக்கும் அந்தக் கடை தெரியும், பேர் வேண்டாம். காலி செய்துகொண்டிருந்த அன்று எதேச்சையாகத்தான் அந்தப் பக்கம் போனேன். அலமாரியில் இருந்த கேசட்டுகளைக் கொத்துக் கொத்தாக அள்ளி அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக்கர் (பழைய சாமான்) கடைக்காரர் தராசோடு வெளியே நின்றார்.

என்னைப் பார்த்ததும் கடைக்கார அண்ணாச்சி சாக்குக்குள் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். டப்பா இல்லை. ஒட்டியிருந்த தாளில் நீல மையில் எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடை விழாவின் பேர், அதற்குக் கீழே ‘வில்லு, ரெண்டாம் நாள்’. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, தூசியை ஊதி நீட்டினார். “மக்களே, உங்க தாத்தா குடம் அடிச்சது இதுலதான் கெடக்கு. கொண்டு போ.”

நான் சொன்னேன்: “வீட்டுல டேப் இல்லையே அண்ணாச்சி.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கை அப்படியே சாக்குக்குத் திரும்பிப் போய்விட்டது.

வில்லுப்பாட்டில் தாத்தா குடத்தில் அடித்த அடி வேறு எங்கும் பதிவில் இல்லை. சினிமாப் பாட்டு என்றால் போனில் தேடினால் வந்துவிடும், இது எங்கிருந்து வரும்? கொடைக்கு மைக்செட் போட்டவர் ஆம்பிளிபயரில் வயர் செருகிப் பதிந்து, கடையில் கொடுத்து, ஊருக்கு நாலைந்து காப்பி போட்டது. நடுவில் பெண்கள் குரவை போடுவது, ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் எல்லாம் இருக்கும். அந்தச் சாக்கில் இப்படி எத்தனை ஊர்க் கொடை போனதோ.

குளச்சல் மகள்

எங்கள் வீட்டில் அப்பா சவுதியிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகள். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார், நாங்கள் மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்புவோம்.

2004 டிசம்பர் 26, தண்ணீர் வீட்டுக்குள் ஏறி இறங்கியது. அம்மா சேற்றுக்குள் முதலில் தேடியது அந்த டப்பாவைத்தான். அப்பா இறந்து அப்போது மூன்று வருஷம்.

திங்கள்நகரில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. கடைக்காரர் கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றினார், உள்ளே மணல். 60 நிமிட கேசட்டில் சுமார் 90 மீட்டர் நாடா இருக்கும். அத்தனையையும் ஈரத்துணிக்குள் வைத்து இரண்டு விரலால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இன்னொரு சக்கரத்தில் சுற்றினார். பிறகு காய்ந்த துணியால் அதே வேலை மறுபடி. மத்தியானம் உட்கார்ந்தவர், விளக்கு வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். வேறொரு கூட்டில் மாட்டிப் போட்டார். அப்பா என் பேரைச் சொல்லி, “சாப்பிட்டியா மோளே” என்றார். அந்த ‘மோளே’ பாதியிலேயே இழுத்துக்கொண்டு போய் இரைச்சலாகிவிட்டது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி, “ஒருக்கா கூட போடுங்க” என்றார். அவரும் போட்டார். அம்மா கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்தார்.

காசு வாங்கவில்லை. அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர் மாவட்டத்தில் இன்னும் யாராவது இருக்கிறாரா?

மார்த்தாண்டம் பழைய சேல்ஸ்மேன்

கடைக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள், காலம்தான் அவர்களைக் கொன்றது என்பது போல எழுதுகிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2003-லிருந்து நாலு வருஷம் ஒரு கடையில் நின்றவன் நான். ஆடியோ சிடியில் 80 நிமிடம்தான் அடங்கும், மிஞ்சிப்போனால் 16 பாட்டு. அதே 700 எம்பி சிடியில் எம்பி3 ஆக்கிப் போட்டால் 150 பாட்டு. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். கம்பெனி கேசட் யார் வாங்குவார்கள்?

என்னைத் தூங்கவிடாத ஆள் ஒருவர் உண்டு. சபையில் பாட்டுக்குழு நடத்தும் வாத்தியார். கடன் வாங்கித் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ எடுத்துப் பாடவைத்து, கேசட் போட்டு எங்கள் கடையில் விற்கக் கொடுத்திருந்தார். எத்தனை போயிருக்கிறது என்று கேட்க வந்தவர், கவுண்டரில் கிடந்த எம்பி3 சிடியை எடுத்து அட்டையின் பின்பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். 43-இல் விரல் நின்றது. அவர் பாட்டு. திட்டுவார் என்று நினைத்தேன். பையிலிருந்து காசை எண்ணி வைத்து, அந்த சிடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதை எழுதினது என் கை.

வேளிமலை அடிவாரம்

என்னிடம் இருந்த வில்லுப்பாட்டு கேசட் டேப்ரெக்கார்டரில் சிக்கி அறுந்தது, செலோடேப் போட்டு ஒட்டினேன், பசை கசிந்து மொத்தமும் போச்சு. அதனால் சொல்கிறேன், வீட்டில் கேசட் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

எடுத்தவுடன் பிளேயரில் போடாதீர்கள். நம் குமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அலமாரி காய்வதே இல்லை. கேசட்டின் நடுவில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பின்பக்கத்து மேல்முனையில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும், முதல் வேலையாக அதை உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் மேலே பதியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சு உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கும், வேறு கூட்டுக்கு மாற்றணும். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டின கூடு என்றால் விளிம்பில் பிளேடு வைத்து மெதுவாகப் பிளக்கணும். அறுந்த இடத்துக்கு, நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்பிளைசிங் டேப் மட்டும்தான். 90 நிமிட கேசட்டின் நாடா 60-ஐ விட மெல்லிசு, சீக்கிரம் இழுபடும், அதனால் அதை முதலில் கவனியுங்கள்.

அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு வயர், பதிய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். முதல் பதிவை வேவ் கோப்பாக வையுங்கள், எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம். மூன்று இடத்தில் காப்பி வேண்டும். எழுதின சிடியை நம்பாதீர்கள், அதன் சாயப்படலமும் நாள்பட மங்கும். குளச்சல் சகோதரி, உங்கள் கேசட்டை இன்னும் ஏற்றவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்க வேண்டாம், காந்தம் ஆகாது.

தோவாளை

வேளிமலை அண்ணா, பார்வதிபுரத்தான் தன் கேசட் சாக்கோடு போய்விட்டது என்கிறார், நீங்கள் காதை உடைக்கச் சொல்கிறீர்கள்.

மார்த்தாண்டம் சொல்வதில் பாதி சரி. எம்பி3 சிடி விற்ற கடைகளும்தானே அப்புறம் விழுந்தன? அதற்குப் பிறகு மெமரி கார்டு வந்தது. என் அப்பா பூச்சந்தையில் வேலை முடிந்து சின்ன போனோடு கடையில் போய் நிற்பார். கடைப் பையன் கேட்பான்: “தாத்தா, என்ன பாட்டு ஏத்தணும்?” அப்பாவுக்குப் பாட்டின் முதல் வரி வராது, மெட்டைத்தான் முனகுவார். பழைய கடைக்காரராக இருந்தால் அந்த முனகலிலேயே பிடித்திருப்பார். பையன் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு ஃபோல்டரை ஏற்றிக் கொடுத்துவிட்டான். அப்பா வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் தேடின பாட்டு அதில் இல்லை. எந்தப் பாட்டு என்று கடைசிவரை நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

2016-இல் ஜியோ வந்ததும் அந்த வரிசையும் போச்சு.

பார்வதிபுரத்தான்

வேளிமலை, குறித்துக்கொண்டேன். குளச்சல், உங்கள் பதிவை ராத்திரி என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒரு கேள்வி. அந்தக் கொடைக்கு நாலைந்து காப்பி போட்டார்கள் என்றேன் அல்லவா, ஒன்று தக்கலைப் பக்கம் பெண் கட்டிக் கொடுத்த ஒரு வீட்டுக்குப் போனதாக அம்மா சொல்கிறார். தக்கலை, அழகியமண்டபம், இரணியல் ஆட்கள் யாராவது வீட்டுப் பரணில் பாருங்கள். நீல மை, ‘வில்லு, ரெண்டாம் நாள்’. பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சுத்தம் செய்ய வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கோட்டாறில் ஒரு பழைய டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது) கிடைத்தது. பெல்ட் மாற்றி வைத்திருக்கிறேன், ஓடுகிறது.