கால்சைட்டா, டோலமைட்டா? கண்டறிய உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கனிமவியலைச் சொந்த முயற்சியில் படிக்கத் தொடங்கியிருக்கும் எனக்கு, கையிலுள்ள ஒரு வெள்ளைக் கனிமம் கால்சைட்டா (கால்சியம் கார்பனேட்), டோலமைட்டா (கால்சியம் மக்னீசியம் கார்பனேட்) என்று அடையாளம் காண உங்கள் உதவி தேவைப்படுகிறது.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதை ஹேமடைட் என்னும் இரும்புத் தாதுக் கனிமம் எனக்குக் கற்பித்தது: கருத்துப் பளபளக்கும் அந்தக் கல்லை மெருகிடாத பீங்கான் தகட்டில் தேய்த்தபோது செங்காவிக் கோடு விழுந்தது, அன்றே இத்துறை என்னை முழுமையாக ஈர்த்துக்கொண்டது.

இந்த வெள்ளைக் கல்லோ சாய்சதுர முகங்களாகப் பிளக்கிறது. கத்தி முனையால் எளிதில் கீற முடிகிறது. ஆகவே கனிமங்களின் கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலில் 7 பெறும் குவார்ட்ஸ் அன்று. கால்சைட்டுக்கு 3, டோலமைட்டுக்கு 3.5 முதல் 4 வரை என்பதால், கீறலை மட்டும் வைத்து முடிவுசெய்ய எனக்குத் துணிவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டேன். கால்சைட் என்றால் உடனே நுரைத்துப் பொங்கியிருக்க வேண்டும், இதிலோ ஓரிரு குமிழ்களே மெல்ல எழுந்தன, ஆனால் அதே இடத்தைச் சுரண்டித் தூளாக்கியதும் நன்றாக நுரைத்தது.

டோலமைட் என்றே நினைக்கிறேன். ஆயினும் இரண்டும் கலந்த கல்லிலும் இதே விளைவு வருமா, அடர்த்தியை (கன சென்டிமீட்டருக்குக் கால்சைட் 2.71 கிராம், டோலமைட் ஏறத்தாழ 2.85 கிராம்) வீட்டுத் தராசில் அளந்து பிரித்தறிய இயலுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.