ஆற்றுத்திட்டில் நெருப்புப் பாடம்: ஈர விறகில் வருவது வெறும் நீராவியா?

கொள்ளிடக்கரையான்:
திருவையாறு பக்கம் பிள்ளைகளை ஆற்றுத்திட்டுக்கு அழைத்துப்போய், நெருப்பு மூட்ட வைத்து அறிவியலும் கணக்கும் நடத்தியதாக நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு வரி: "ஈர விறகில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவிதான் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நீராவி கண்ணுக்கே தெரியாது ஐயா! முப்பது வருஷம் வகுப்பில் தொண்டை கிழியச் சொன்ன பாடம் இது.

ஆற்றங்கரைத் தம்பி:
எழுதியவன் நான்தான் சார். ஐப்பசி மழையில் நனைந்த பூவரசங்கட்டை. தீயில் வைத்ததும் முனையில் நுரை தள்ளியது. தண்ணீர் இல்லாமல் நுரை எப்படி வரும்? ஏழாவது படிக்கிற பையன் தானாகச் சொன்னான். அவனைப் பாராட்ட உங்களுக்கு மனம் வரவில்லை.

கொள்ளிடக்கரையான்:
நுரை தண்ணீர்தான். நான் கேட்பது புகையை. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கிறது, கண் கரிக்கிறதா? விறகுப் புகை ஏன் கரிக்கிறது? எரியாத வாயுவும் தார்த் துளியும் அதில் இருப்பதால். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதிலேயே சூடு போய்விடுவதால் கட்டை புழுங்குகிறது, கிளம்பும் வாயு தீப்பிடிக்காமல் புகையாகவே போகிறது. பாடம் அங்கே இருக்கிறது தம்பி. நீராவி கண்ணுக்குத் தெரியாது.

மன்னார்குடி அக்கா:
புகையை விடுங்கள். கல்லை வட்டமாக அடுக்கிச் சுற்றளவு அளந்தோம் என்கிறாரே, டெல்டாவில் கல்லுக்கு எங்கே போனார்? எங்கள் ஊரில் தோண்டத் தோண்ட வண்டல்தான்.

ஆற்றங்கரைத் தம்பி:
செங்கல்தான் அக்கா, எட்டு. கயிற்றால் சுற்றளவையும் விட்டத்தையும் அளந்து வகுத்தார்கள். மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

கொள்ளிடக்கரையான்:
எட்டுச் செங்கல் அடுக்கினால் எண்கோணம், வட்டம் இல்லை. அதையும் சரியாகச் சொல்லவில்லை.

பாபநாசம் விவசாயி:
சீமெண்ணெய் ஊற்றினார்களா, அதைக் கேளுங்கள். சருகு, சுள்ளி, அப்புறம் கட்டை என்று தீயை ஏற்றத் தெரிய வேண்டும். காய்ந்த தென்னம்பாளை இருந்தால் எண்ணெயே வேண்டாம்.

கும்பகோணத்தான்:
போன தை மாதம் நெல் அறுத்த தாளை வயலிலேயே கொளுத்தலாம் என்று இங்கே வாதாடியவர் நீங்கள். நெருப்பைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம்.

பாபநாசம் விவசாயி:
அது வேறு, இது வேறு! உளுந்து தெளித்த வயலில் எவனாவது கொளுத்துவானா? வயலில் இறங்காதவருக்கு இது எப்படித் தெரியும்?

கொள்ளிடக்கரையான்:
தாள் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, அடுத்த முறை குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் புகைக்கு மேலே பிடியுங்கள். பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் பையனையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரைத் தம்பி:
தட்டில் தண்ணீரும் முத்து முத்தாக நிற்குமே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

கொள்ளிடக்கரையான்:
தண்ணீர் இல்லை என்று எப்போது சொன்னேன்? "வெறும்" என்ற சொல்லை எடுங்கள்.

ஆற்றங்கரைத் தம்பி:
எடுக்க மாட்டேன் சார். அது பையன் வாயிலிருந்து வந்த சொல்.

கொள்ளிடக்கரையான்:
பையன் தப்பாகச் சொன்னால் திருத்தத்தான் வாத்தியார். நீராவி கண்ணுக்குத் தெரியாது.