நிலாவாரைக்கு எதற்கு லேப் ரிப்போர்ட்?

தேரிக்காட்டான்:
நேற்று ஒருவர் மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டார், நிலாவாரைப் பொடி என்று எழுதினேன். உடனே இங்கே ஒருத்தர், பரிசோதிக்காத சரக்கை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள் என்று பாய்ந்துவிட்டார். எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளையும் இலை இது, வெள்ளைக்காரன் காலத்திலேயே 'டின்னவெல்லி சென்னா' என்று கப்பலேறிப் போன சரக்கு. ராத்திரி வெந்நீரில் ஒரு ஸ்பூன், காலையில் வயிறு காலி. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் பார்த்ததற்கு மேல் என்ன பரிசோதனை?

சோதனைக்குழாய்:
பாய்ந்தது நான்தான். வேலை செய்யுமா என்பதில் சண்டையே இல்லை. அதிலுள்ள சென்னோசைடு என்ற வேதிப்பொருள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய், அங்கிருக்கும் பாக்டீரியா உடைத்த பிறகுதான் குடலைத் தூண்டுகிறது, ராத்திரி சாப்பிட்டது காலையில் வேலை காட்டுவது அதனால்தான். உங்கள் ஸ்பூனில் அது எத்தனை மில்லிகிராம் என்பதுதான் கேள்வி. இலையா காயா, எப்போது பறித்தது, எப்படி உலர்த்தியது என்பதைப் பொறுத்து மாறும். கடையில் விற்கும் சென்னா மாத்திரை அட்டையில் அளவு போட்டிருக்கிறது, பொடிக்குக் கைக்கணக்கு.

தேரிக்காட்டான்:
கைக்கணக்கில் எங்கள் ஊரில் யாரும் செத்துவிடவில்லை தம்பி.

சுக்குத்தண்ணி:
நான் சித்த மருத்துவம் படித்தவள். அண்ணாச்சி, எங்கள் முறையில் இலையை வெறுமனே கொடுப்பதில்லை. வயிற்றை முறுக்காமல் இருக்கச் சுக்கு, ஓமம் எல்லாம் சேர்த்துச் சூரணமாகத்தான் கொடுக்கிறோம், அதுவும் சில நாட்களுக்கு. மாதக்கணக்கில் தினமும் சாப்பிடச் சொல்லி நாங்கள் யாரும் எழுதுவதில்லை, ஆனால் மக்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கிறார், பிரஷருக்கு நீர் பிரிய எழுதிக்கொடுத்த மாத்திரை, அதோடு லேபிள் இல்லாத நிலாவாரைப் பொட்டலம். இரண்டுமே உடம்பிலிருந்து பொட்டாசியத்தை இறக்கும், அது குறைந்தால் தசை இப்படி இழுக்கும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் ஆபத்து.

சோதனைக்குழாய்:
இதைத்தான் சொல்ல வந்தேன். அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில் ஹாலந்தில் ரெவெர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். வலி குறைந்தது, ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின. அதிலுள்ள கிளைசிரைசின் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், பிரஷரை ஏற்றும். நம் ஊரிலும் காலங்காலமாக அதிமதுரம் சாப்பிடுகிறார்கள். ராத்திரி சாப்பிட்டுக் காலையில் தெரிவதை அனுபவமே சொல்லிவிடும், மெதுவாக ஏறும் பிரஷருக்கு அதிமதுரம் காரணம் என்று எந்தப் பாட்டி முடிச்சுப் போட்டாள்?

தேரிக்காட்டான்:
பாட்டியை விடுங்கள், பரிசோதனைக்குக் காசு யார் போடுவார்கள்? 2002இல் அமெரிக்காவில் கடையில் விற்கும் மலமிளக்கி மருந்துகளில் கற்றாழை கூடாது என்றார்கள். ஏன்? பாதுகாப்புக்கான தரவு கேட்டார்கள், கம்பெனிகள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் சொந்தமில்லாத செடிக்கு எந்த முதலாளி கோடியில் செலவழிப்பான்? காகிதம் இல்லாததெல்லாம் விஷம் என்றால் நாட்டு மருந்துக் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

சுக்குத்தண்ணி:
காசு விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது நியாயம். எனக்குப் பயம் பொடியைவிட இப்போது கேப்ஸ்யூலில் வரும் எக்ஸ்ட்ராக்ட் மேல்தான். எங்கள் சித்த நூல்களில் சொன்னது பொடியும் கஷாயமும். சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ வடித்துக் கெட்டியாக்கினால் பெயர்தான் அதே செடி, உள்ளே போவது வேறு. பழைய நூலின் பெயரைச் சொல்லி இதை விற்பது பித்தலாட்டம்.

சோதனைக்குழாய்:
கோடியெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்குத்தான் அந்தச் செலவு. சென்னோசைடு அளவு, ஈயம், பூஞ்சை நஞ்சு, பூச்சிமருந்து எச்சம் பார்ப்பது சாதாரண லேப் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் மூட்டைக்கு மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள்தானே? அதே காட்டு இலை நம் ஊர்க் கடைக்கு வரும்போது மட்டும் ஏன் கசக்கிறது?

தேரிக்காட்டான்:
அது விலை பேசுவதற்கு. சென்னோசைடு சதவீதம் குறைந்தால் ரேட்டைக் குறைப்பார்கள், எங்கள் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டு அல்ல. சரி, மூட்டைக்கு ஒரு மாதிரி எடுத்துப் பொட்டலத்தில் சதவீதத்தை அச்சடிக்கட்டும், வேண்டாம் என்றா சொல்கிறேன்? அந்தச் செலவை மட்டும் விவசாயி தலையில் கட்டாதீர்கள்.

சோதனைக்குழாய்:
அரைத்து விற்கிறவர் தலையில் கட்டலாம்.

சுக்குத்தண்ணி:
நேற்றுக் கேட்டவருக்கு ஒன்று: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எத்தனை நாளாகச் சிக்கல், மலத்தில் ரத்தம் உண்டா? இதைச் சொல்லாமல் பொடியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.