யார் சொல்லிக் கொடுத்தார்கள், எங்கே கற்றோம்? வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

குடியாத்தம், ஒரு அம்மா

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். கை கால் விறைப்பு, பேச்சு வராது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணாலேயே விசாரித்துவிடுவான். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்கும் இதே பிரச்சினையோடு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கைகொடுத்ததில் பாதி, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் சொன்னது. அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன், நீங்களும் எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

சாப்பாடு ஊட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டுத்தான் கஞ்சி புகட்டுவார்கள். என் மகனுக்கு ஒவ்வொரு வாய்க்கும் புரையேறும். மாதத்துக்கு ஒரு தடவை சளி கட்டி நெஞ்சு கர்கர் என்று இழுக்கும். வேலூரை அடுத்த பாகாயத்தில், சி.எம்.சி. ஆஸ்பத்திரி வளாகத்தில் தெரபிக்குக் காத்திருந்தபோது திருப்பத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "படுக்க வெச்சு ஊட்டாதம்மா, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். நிமிர்த்தி உட்கார வை. தலை பின்னால சாயக் கூடாது, முகவாய் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறங்கி இருக்கணும்" என்று சொல்லி, தன் மகளை வைத்தே செய்து காட்டினார். ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அமுக்க வேண்டும். உதடு மூடும் வரை பொறுத்திருந்து, அப்புறம் நேராக வெளியே எடுக்க வேண்டும். மேலண்ணத்தில் தேய்த்து எடுக்கக் கூடாது. உள்ளே போனதும் தெரபிஸ்ட்டிடம் கேட்டேன். அவரும் அதையே சொல்லி, தாடையை விரலால் எப்படித் தாங்குவது என்றும் காட்டினார்.

அந்த அம்மாதான் மூலை நாற்காலியைப் பற்றியும் சொன்னார். முதுகுப் பக்கம் இரண்டு பலகை சுவர் மூலை மாதிரி சேரும். தோள் இரண்டும் முன்னால் வரும், விறைப்பு கொஞ்சம் தளரும். கால்களுக்கு நடுவே ஒரு கட்டை, முன்னால் தட்டு வைக்க ஒரு பலகை. அளவைத் தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தார், எங்கள் ஊர் ஆசாரி செய்து கொடுத்தார். பிள்ளை வளர வளர அளவு மாறும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆம்பூர், ஒரு அண்ணன்

அக்கா, நீங்கள் குழந்தைகளைப் பற்றித் தொடங்கியிருக்கிறீர்கள். நான் பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். என் தம்பி ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவன். மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் "இனி கடவுள் விட்ட வழி" என்று கையை விரித்துவிட்டார்கள். பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில்தான் இதற்கெல்லாம் ஒரு படிப்பே இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் படிப்பு அவனுக்கு மட்டும் இல்லை, எங்கள் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

உணர்வில்லாத உடம்பில் புண் வந்தால் வலிக்காது. வலிக்காததால் எலும்பு வரைக்கும் போய்விடும். எங்களுக்கு முதலில் சொன்னது இதுதான். படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தால் அவனே கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். தினமும் காலையிலும் ராத்திரியிலும் நீண்ட கைப்பிடி போட்ட கண்ணாடியை வைத்து, இடுப்பின் பின்பக்கம், பிட்டம், குதிகால் எல்லாம் அவனே பார்க்க வேண்டும். சிவந்திருந்தால், அந்தச் சிவப்பு மறையும் வரை அந்தப் பக்கம் பாரம் போடக் கூடாது. சிறுநீரை நேரத்துக்குக் குழாய் விட்டு எடுப்பதையும் அவனே கற்றுக்கொண்டான். இது தெரியாமல் சிறுநீரகம் கெட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

தம்பி ரொம்ப உடைந்து போயிருந்த சமயம், அங்கே ஏற்கெனவே பயிற்சி முடித்துப் போன ஒருவர் பார்க்க வந்தார். அவரும் சக்கர நாற்காலிதான். டாக்டர் மேரி வர்கீஸ் கதையை அவர்தான் சொன்னார். 1954ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர் அந்த டாக்டரம்மா. அதற்கப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்திருக்கிறார். 1966ல் திறந்த அந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் வந்தது. தம்பி அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பயிற்சி முடித்துப் போனவர்களை வருடத்துக்கு ஒரு முறை மறுபடி கூப்பிட்டு ரீஹாப் மேளா நடத்துகிறார்கள். விளையாட்டுப் போட்டியும் உண்டு, உடம்புப் பரிசோதனையும் உண்டு. குடும்பத்தோடு போங்கள். யார் என்ன தொழில் செய்கிறார்கள், வண்டிக்குப் பக்கச் சக்கரம் எங்கே மாட்டினார்கள், கல்யாணம் எப்படி நடந்தது, எல்லாம் அங்கே கேட்கலாம். எங்கள் அம்மாவுக்கு அங்கே கிடைத்த சினேகிதிகள் இன்றைக்கும் போனில் பேசுகிறார்கள்.

கே.வி.குப்பம், பெரியம்மா

என் தங்கை மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் கூலிக்குப் போவதால் பிள்ளை என்னிடம்தான் வளர்கிறாள். எங்கள் ஊரில் 1977லிருந்து சி.எம்.சி.யின் கிராம ஆஸ்பத்திரியான ருஹ்சா இருப்பதால் ஆஸ்பத்திரி தொலைவில்லை, அந்த வகையில் எங்களுக்குக் கொடுப்பினை. ஆனால் நான் சொல்ல வந்தது வட்டார வள மையத்தைப் பற்றி. நிறைய பேருக்கு அது டீச்சர்களுக்கான ஆபீஸ் என்றுதான் தெரியும். நம் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுப்பார்கள். பிசியோதெரபியும் உண்டு. 18 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவ முகாம் போடுவார்கள். உங்கள் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டாலே எந்த மையம் என்று சொல்லிவிடுவார்.

எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சர் சட்டை போடப் பழக்கிய விதத்தைச் சொல்கிறேன். நானாக இருந்தால் சட்டையைக் கையில் கொடுத்து "போட்டுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன், பிள்ளையும் அழுதிருப்பாள். டீச்சர் தலைகீழாக ஆரம்பித்தார். டிசர்ட்டைத் தலை வழியாக மாட்டி, இரண்டு கையையும் அவரே நுழைத்து, நெஞ்சு வரை இறக்கிவிட்டார். கடைசியாக இடுப்பு வரை இழுத்துவிடுவது மட்டும் அவள் வேலை. இழுத்ததும் கைதட்டல். அது நன்றாக வந்த பிறகு, ஒரு கையை அவளே நுழைக்க வேண்டும். அப்புறம் இரண்டு கையும். தலையை நுழைப்பது கடைசியில். ஒவ்வொரு நாளும் வேலை "நான் முடிச்சேன்" என்ற சந்தோஷத்தோடுதான் முடியும், அதுதான் இதில் இருக்கிற சூட்சுமம். இதே முறையில் பல் தேய்க்க, சாப்பிட்ட தட்டைக் கழுவ, பாய் சுருட்ட எல்லாம் பழக்கிவிட்டேன். இப்போது எனக்கு ரசத்துக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பது அவள்தான்.

அரசாங்கத்தின் மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதச் சான்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ராணிப்பேட்டை, ஒரு அப்பா

பெரியம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம்காரர்களுக்கு அந்த அலுவலகம் இருப்பது ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளிக்குத் திருப்பத்தூர். பழைய ஞாபகத்தில் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்து உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. கண்டக்டர் முகம் சுளித்தால் நீங்கள் கூச வேண்டாம், மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டிவிட்டு உட்காருங்கள்.

வாணியம்பாடி, ஒரு அம்மா

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒன்றரை வயதில்தான் சந்தேகமே வந்தது. மாமியார் "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், விடும்மா" என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர்தான் பிள்ளையின் பின்னால் நின்று கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தார், அவள் திரும்பவே இல்லை. மறுநாளே கிளம்பிவிட்டோம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி, அதாவது ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கிற கேட்கும் கருவி, பொருத்த முடியும். வயது வரம்பு ஆறு, அதனால் தள்ளிப் போடாதீர்கள். கருவி வைத்துவிட்டால் மறுநாள் பேச்சு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும். அந்தச் சத்தம் இன்னது என்று பிள்ளைக்குப் பழக்குவது நம் வேலை. பயிற்சி கொடுத்தவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், வாயை மறைத்துக்கொண்டு பேசு என்பது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டால் காது வேலை செய்யாதாம். குக்கர் விசில் வந்தால் அடுப்பை நிறுத்துவதற்கு முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து "கேட்டுச்சா? விசில்!" என்பேன். பாங்கு சத்தம், தெருவில் கீரைக்காரம்மா குரல், கதவு தட்டும் சத்தம், எல்லாவற்றுக்கும் இதே பாடம். எங்கள் வீட்டில் உருதும் தமிழும் கலந்து பேசுவோம். முதலில் ஒரே மொழியில் பேசச் சொன்னார்கள், தமிழைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். முதலில் சேர்க்கப் போன ஒரு பள்ளியில் "மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அடுத்த பள்ளிக்குப் போனபோது என் குரலே வேறு மாதிரி இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

ஆற்காடு, கல்லூரி மாணவி

எல்லோரும் அம்மா அப்பாவாக எழுதுகிறீர்கள். நான் அக்காவாக எழுதுகிறேன். என் தம்பிக்கு ஆட்டிசம். இந்த வருடம் 18 முடிகிறது. சின்ன வயதில் அம்மா அவனோடு பாகாயம் நம்பிக்கை நிலையத்தில் இருந்தார். அங்கே பிள்ளைக்கு மட்டும் பயிற்சி இல்லை, பெற்றோருக்கும் சேர்த்துத்தான். அவன் தரையில் புரண்டு அழும்போது முதலில் என்ன நடந்தது, அப்புறம் நாம் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுதப் பழக்கினார்கள். அம்மா அந்த நோட்டை வைத்தே, மிக்சி சத்தம்தான் அவனைப் பாடுபடுத்துகிறது என்று கண்டுபிடித்தார். இப்போது மிக்சி போடுவதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிடுவோம், அவனே மாடிக்குப் போய்விடுவான்.

என் கேள்வி வேறு. சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் "நாளைக்கு இவனை நீதான பார்த்துக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் பார்த்துக்கொள்வேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் எப்படி என்று ஒருத்தரும் சொல்வதில்லை. பேங்க்கில் அவன் கையெழுத்து கேட்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

காட்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகளே, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு, அவனுக்காக இதையெல்லாம் செய்து முடித்திருக்கிறேன்.

18 வயது முடிந்ததும் சட்டத்தின் பார்வையில் அவன் பெரியவன். அப்பா அம்மாவே ஆனாலும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு, கலெக்டர்தான் தலைவர். அந்தக் குழுவிடம் விண்ணப்பித்தால் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் கிடைக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் அம்மாவோ அப்பாவோ ஆகட்டும். உன் பெயரைப் பற்றி இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். பாதுகாவலர் ஆனவர் பிள்ளையின் சொத்து, வரவு செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்.

அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் விட்டுவிடாதே. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் ஒரு வரம்புக்குள் வரும். முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், தேதியைக் காலண்டரில் எழுதி வை.

அப்பா அரசு ஊழியர் என்றால் இன்னொன்றும் உண்டு. சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வர வழி இருக்கிறது. பணியில் இருக்கும்போதே குடும்ப விவரத்தில் பிள்ளையின் பெயரையும் சான்றையும் சேர்த்துவிட வேண்டும். அவர் போன பிறகு ஓடினால் அலைச்சல் அதிகம்.

வேலை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் காட்பாடியில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் வொர்த் டிரஸ்ட் 1963லிருந்து இருக்கிறது. தொழுநோய் குணமானவர்களுக்காக ஆரம்பித்தது. பார்வையற்றவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பெர்கின்ஸ் பிரெய்ல் எழுதுபொறியை அங்கேயும் செய்கிறார்கள். உடல் குறைபாடுள்ளவர்கள் மெஷினில் நின்று வேலை பார்ப்பதை உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஒருமுறை காட்டு. அவனுக்கு எது பிடிக்கிறது என்று நமக்கும் தெரியும்.

ஆற்காடு, கல்லூரி மாணவி

நன்றி ஐயா. குழுவுக்கு மனு கொடுக்க எந்த நாள் போக வேண்டும்? அம்மா பீடி சுற்றுகிறார், ஒரு நாள் போனால் கூலி போய்விடும்.

காட்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

நீ ஆற்காடு, அதனால் ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்வு நாள். அதே வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்டுவிடலாம். முதல் தடவை நீ மட்டும் போய் விண்ணப்பப் படிவத்தையும் என்னென்ன தாள் வேண்டும் என்ற பட்டியலையும் வாங்கி வந்துவிடு. தம்பியின் மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.), ஆதார், வயதுச் சான்று, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு நகல் எடுத்து வை. பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். ஆதாரில் ஒன்று, அட்டையில் ஒன்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ராணிப்பேட்டை, ஒரு அப்பா

தங்கச்சி, நானும் என் மகளுக்காக வருகிற திங்கட்கிழமை அங்கே போகிறேன். காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும், பத்து மணிக்கு முன்னால் வந்துவிடு. என் மனைவியும் வருவாள். படிவத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பிவிடலாம்.